போத்தல் சிலுவையை மறைக்கும் இடம்

எங்கள் கரையின் மீன்பிடிச் சங்கத்துக்கு என்னைச் செயலாளராகத் தெரிவு செய்ததற்கு ஒரே காரணம், எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்பதுதான். வள்ளத்தில் கால் வைத்துப் பத்து நிமிடத்தில் காலையில் தின்றது வெளியே வந்துவிடும். குருநகரில் பிறந்தவனுக்கு இது, இணுவிலில் பிறந்தவனுக்குத் தோட்ட மண் பட்டால் சொறி வருவது மாதிரி. என் தகப்பனார் மூன்று தடவை என்னைக் கடலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். நான்காம் தடவை ஒரு பேனா வாங்கித் தந்தார். சங்கத்தில் அவர் இருந்த கதிரைக்கு அவருக்குப் பிறகு நான் வந்தேன். கடலுக்குப் போகாதவனுக்குக் கடலில் பங்கில்லை, பங்கில்லாதவன் ஒருவர் பக்கமும் சாயமாட்டான் என்று சனம் நினைத்தது. தொண்ணூற்றைந்தாம் ஆண்டு மாசி மாதம் வரைக்கும் அது சரியாகத்தான் இருந்தது.

அந்த வருடம் தை மாதம் அரசாங்கமும் இயக்கமும் சண்டையை நிறுத்திவைத்தன. தொண்ணூறாம் ஆண்டுக்குப் பிறகு முதல் தடவையாக, பகலில் களக்கடலில் இறங்கித் தொழில் செய்யலாம் என்று அறிவித்தல் வந்தது. களக்கடல் என்பது எங்கள் கரைக்கு முன்னால் கிடக்கிற ஆழமில்லாத கடல். நீர் வற்றும் நேரம் இடுப்பு நனைய நடந்தே வெகுதூரம் போகலாம். அங்கே வரிசையாகத் தடி அடித்து, வலையைச் சுவர்போலக் கட்டி, இறாலும் மீனும் தானாக வழிதவறி உள்ளே வந்து அகப்படும்படி செய்வதற்குக் களங்கண்டி என்று பெயர். தடி அடிக்கிற இடம் பாடு. பாடு தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வரும். சிலவேளை சீதனமாக மருமகனுக்குப் போகும். கடலில் வேலி போட முடியாது. ஆகவே பாட்டின் எல்லையைக் கரையில்தான் வைத்திருந்தார்கள். தண்ணீரில் நின்று கரையைப் பார்த்து, இன்ன கட்டடத்தின் முனையும் இன்ன கோபுரமும் ஒன்றாகத் தெரியும் இடம் என்று பிடிப்பார்கள். அதற்குக் குறி என்று சொல்வோம்.

முதல் நாள் இறங்கியவர்கள் அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தார்கள். முன்னால் வந்தவன் லியோன். என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன், இந்தக் கரையிலேயே நல்ல தொழிலாளி.

"கரையைக் காணேல்லையடா சவிரி" என்றான்.

"நான் அதிலைதானே நிக்கிறன்."

"உனக்கு விளங்காது. கடலிலை போய் ஒருக்காலாவது தலையை நிமித்திக் கரையைப் பார்த்திருக்கிறியே நீ?"

உண்மைதான். கடலுக்குப் போன மூன்று தடவையும் நான் பார்த்தது வள்ளத்தின் விளிம்பையும் அதற்குக் கீழே இருந்த தண்ணீரையும்தான்.

அவன் சொல்ல வந்தது பிறகு எல்லோருக்கும் விளங்கியது. ஜுபிலி தியேட்டரின் கூரை ஒரே குண்டோடு போயிருந்தது. ஐஸ் தொழிற்சாலையின் தண்ணீர்த் தாங்கி கொஞ்சக் காலம் மூன்று காலில் நின்று பார்த்துவிட்டு விழுந்தது. வாலிபர் கழகத்தின் மேல்மாடிக்கு ஒருவரும் குண்டு போடவில்லை. அதை நாங்களே கழற்றிப் பதுங்குகுழிகளுக்கு மேலே போட்டோம். பனைகளுக்கும் அதே கதிதான். ஒரு காலத்தில், பின்னேரமானால் எங்கே போயிருந்து ஊர்வம்பு அளப்பது என்று யோசிக்க எங்களுக்கு ஆறேழு இடம் இருந்தது. இப்போது மிஞ்சியது சங்கக் கொட்டில் ஒன்று. அங்கேயும் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். மாதா கோயில் மட்டும் நின்றது. கூரையில் ஓட்டைகள் இருந்தாலும் உச்சியில் சிலுவை நிமிர்ந்தே இருந்தது.

இல்லாத கட்டடங்களை வைத்துக் குறி பார்ப்பதற்கு ஒரு வழி கண்டோம். ஒவ்வொரு கல்மேட்டிலும் பழைய ஆட்கள் ஏறி நின்று, கூரை முனை இந்த இடத்திலே, தாங்கி அந்த இடத்திலே என்று சண்டை பிடித்து ஒரு முடிவுக்கு வருவார்கள். நான் அந்த இடத்தில் வெள்ளைத் துணி கட்டிய தடியை நடுவேன். கடலில் நிற்பவர்கள் தடியைப் பார்த்துப் பாட்டைப் பிடிப்பார்கள். ஒரு கிழமையில் முப்பது பாடு இப்படித் தீர்ந்தது. சண்டைகள் நீண்டுபோனதற்குக் காரணம் கட்டடங்கள் அல்ல. வாலிபர் கழகத்தின் முனை எது என்று கேட்டால், கரம்போர்ட் மேசை எங்கே இருந்தது, அதில் யார் யாரை ஏமாற்றினான் என்று தொடங்கி, மத்தியானம் ஆகும்போதுதான் முனைக்கு வருவார்கள். நான் அவசரப்படுத்தவில்லை.

முப்பத்தோராவது பாடு சிசிலியாவுடையது.

சிசிலியா, செத்துப்போன சிமியோன் அண்ணையின் ஒரே மகள். வீடு இருந்த இடத்தில் இப்போது ஒரு கிணறும் அரைச் சுவரும். புருசன் அருட்பிரகாசத்தோடும் நாலு பிள்ளைகளோடும் பாசையூரில் ஒரு சின்னம்மாவின் குசினியில் இருந்தாள். அருட்பிரகாசம் நல்ல மனிசன். ஒரு நாளைக்கு ஒரு வசனத்துக்கு மேல் கதைக்கமாட்டான், அந்த வசனமும் அநேகமாக "ஓம்" என்பதுதான். அவர்களுக்கு மிஞ்சிய சொத்து அந்தப் பாடு. கோயில் மண்டபத்தில் கூடிய கூட்டத்துக்குச் சிசிலியா தன் சீதனக் கடதாசியைக் கொண்டுவந்தாள். ஓடின ஓட்டமெல்லாம் அதைச் சட்டைக்குள் வைத்திருந்ததாகச் சொன்னாள். எழுத்து என் தகப்பனாருடையது, எழுபத்தொன்பதாம் ஆண்டு. கடதாசியில் பாடு மகளுக்கு என்றாலும், சாகும்வரை அதில் தடி அடித்தது சிமியோன் அண்ணைதான்.

பங்குச் சுவாமி புதிதாக வந்தவர். கடதாசியை வாங்கிச் சத்தமாக வாசித்தார்.

"தையல் மெசின் ஒன்று. கழுத்துச் சங்கிலி ஒன்று. பரமலிங்கம் கூல்பார் போத்தல், மாதா கோயில் சிலுவையை மறைக்கும் இடத்தில், இடுப்பளவு நீரில், பாடு ஒன்று."

நிறுத்திவிட்டு அந்தக் கடைசி வரியை மனதுக்குள் இன்னொரு தடவை வாசித்தார்.

"போத்தல் சிலுவையை மறைக்கிறதோ? இதை இந்த மண்டபத்திலை இருந்தோ எழுதினவை?"

"கீழை அப்பத்தைய சுவாமியின்ரை கையெழுத்தும் இருக்கு, சுவாமி" என்றேன்.

அவர் கடதாசியைத் திருப்பித் தந்தார்.

சிசிலியா எழுந்து நின்றாள். "ஐயாவின்ரை பாடு ஓடை விளிம்பிலைதான் இருந்தது. அது இஞ்சை இருக்கிற எல்லாருக்கும் தெரியும்."

ஓடை என்பது கடலடியில் கிடக்கிற ஒரு பள்ளம். நீர் வற்றும்போது இறால் அதன் வழியேதான் இறங்கி ஓடும். ஓடை விளிம்பில் பாடு வைத்திருப்பவன் வீட்டில் பிள்ளைகள் பசியோடு படுக்காது.

"இருந்தது, இல்லையெண்டு சொல்லேல்லை" என்றான் லியோன். அவனுடைய பாடு சிமியோன் அண்ணையின் பாட்டுக்கு அடுத்துக் கிழக்குப் பக்கம். "எண்பத்தஞ்சிலை இருந்து அப்பிடியில்லை. உன்ரை கொப்பர் போத்தலைப் பார்த்துத்தான் தடி அடிச்சவர், அவரின்ரை தடி சேத்துக்குள்ளை நிண்டது. ஓடை என்ரை பக்கம் வந்திட்டுது. ஒருத்தரும் நிக்காத இடத்திலை நான் நிண்டனான். நான் ஆரின்ரையும் தடியைப் பிடுங்கேல்லை, தங்கச்சி."

"ஐயாவும் அதைத்தான் சொன்னவர்" என்றாள் சிசிலியா. "ஆனா எனக்கு மனம் கேக்குதில்லை."

சுவாமி முடிவு சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கூல்பார் கல்மேட்டில், போத்தல் நின்ற இடத்தில் தடி நடவேண்டும். தடியும் சிலுவையும் சேரும் இடம் சிசிலியாவின் பாடு. அது ஓடையோ சேறோ, அதற்குப் பிறகு ஒருவரும் வாய் திறக்கக்கூடாது. திங்கட்கிழமை எல்லாப் பாட்டிலும் தடி இறங்கும். இதையெல்லாம் கூட்ட அறிக்கையில் எழுதவேண்டியது நான். எழுதினேன். என் கையெழுத்து வழக்கத்தைவிட மோசமாக இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. வழக்கமான கையெழுத்தும் அப்படித்தான்.

பரமலிங்கம் அண்ணையின் கூல்பாரைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் இணுவில்காரர், மச்சம் மாமிசம் தொடாதவர், நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு வந்து மீன் மணக்கிற எங்களுக்கு நன்னாரி சர்பத்தும் ஐஸ்கிறீமும் விற்றார். கீழே கடை, மேலே மொட்டை மாடி. மாடியில் நாலு மேசை. மாடியின் கிழக்குக் கரையில், படி ஏறி வருகிற இடத்தில், தகரத்தில் செய்த பத்தடி உயரச் சோடாப் போத்தல் ஒன்று செம்மஞ்சள் நிறத்தில் நின்றது. கடலில் மூன்று கட்டை தூரத்துக்குத் தெரியும் என்பார்கள். எனக்குத் தெரியாது.

நாங்கள் மூன்று பேர் அங்கே தினமும் போவோம். நான், பஞ்சலிங்கம், சிறில். ஒரு சர்பத்தும் மூன்று கிளாசும். பரமலிங்கம் அண்ணை எங்களைத் துரத்தாததற்குக் காரணம், ஆள் இல்லாத கடைக்கு ஆள் வராது என்று அவர் நம்பியதுதான். நாங்கள் அந்தக் கடையின் தளபாடம்.

மாடிக்கு எதிரே ஜுபிலி தியேட்டர். வெக்கைக்காக மாலைக் காட்சியில் பக்கக் கதவைத் திறந்து வைப்பார்கள். மாடியின் மூலை மேசையில் இருந்து பார்த்தால், அந்தக் கதவுக்குள்ளால் திரையில் மூன்றில் ஒரு பங்கு தெரிந்திருக்கும், போத்தல் இல்லாவிட்டால். மேசையை நகர்த்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். மேசை சீமெந்தில் கட்டினது. எண்பத்தைந்தாம் ஆண்டு தைப்பூசத்துக்கு முதல் நாள், மஞ்சத் திருவிழாவுக்காகப் பரமலிங்கம் அண்ணை கடையை எங்களிடம் விட்டுவிட்டு இணுவிலுக்குப் போனார். கடையை எங்களிடம் விட்டார் என்பதைக் கவனியுங்கள். பட்டப்பகலில் இரும்பறுக்கிற வாளால் போத்தலின் அடியில் இருந்த நாலு ஆணியையும் அறுத்து, போத்தலை மேற்குப் பக்கம் இழுத்துக்கொண்டுபோய்க் கைப்பிடிச் சுவரோடு கம்பியால் கட்டினோம். பதினொரு அடி. அறுத்த ஆணிகளுக்கு மேலே ஒரு துளசிச் சட்டியை வைத்தோம்.

அவர் திரும்பி வந்து போத்தலைப் பார்த்தார்.

"பேய்க்காத்து ஒண்டு அடிச்சது, அண்ணை" என்றேன்.

"இப்பிடி நேராக் கொண்டுபோய் வைச்சிட்டுப் போச்சுதோ?"

"நாங்கள்தான் பிடிச்சு நிமித்திக் கட்டினனாங்கள்."

அவர் எங்களுக்கு ஆளுக்கொரு ஐஸ்கிறீம் தந்தார். துளசியைப் பார்த்து மனம் குளிர்ந்து, நாங்கள் திருந்திவிட்டதாக நினைத்தார். அதற்குப் பிறகு தினமும் அதற்குத் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டார். சட்டியை அசைக்க ஒருவரையும் விடவில்லை. நாங்கள் ஐந்து வருடம் படம் பார்த்தோம். எல்லாப் படத்திலும் இடப்பக்கம் மட்டும். என் அனுபவத்தில் கதாநாயகிகள் எப்போதும் வலப்பக்கமே நிற்பார்கள். இடப்பக்கம் நின்று அழுவது அவர்களுடைய தகப்பன்மார்.

கடையும் மாடியும் தொண்ணூறில் போயின. பரமலிங்கம் அண்ணை இரண்டு வருடம் கழித்து இணுவிலில் செத்தார், கடைசிவரை காற்றை நம்பிக்கொண்டு. பஞ்சலிங்கம் பாரிசில் கோப்பை கழுவுகிறான். சிறில் இந்தியன் ஆமிக் காலத்தில் செத்துப்போனான். எங்கே என்று அவனுடைய தாய்க்கு இன்றுவரை ஒருவரும் சரியாகச் சொல்லவில்லை. போத்தல் நகர்ந்த கதை தெரிந்தவன் இந்தக் கரையில் நான் ஒருவன்தான்.

இதைக் கடலோடு சேர்த்து நான் ஒருநாளும் யோசித்ததில்லை. ஊரில் யாரும் யோசிக்கவில்லை. சர்பத் குடிக்கிறவர்களுக்குப் போத்தல் எங்கே நின்றாலும் போத்தல்தான். அந்த மாசத்தில் குருநகர் ஆட்களில் பாதிப் பேர் முல்லைத்தீவில் வாடி போட்டு அங்கேயே தங்கித் தொழில் செய்வார்கள். திரும்பி வந்து பார்க்கும்போது போத்தலுக்குப் பின்னால் வானம் மட்டும்தான் இருந்தது, நகர்ந்ததை அளக்க அங்கே ஒன்றும் இல்லை. போத்தலைக் குறியாக வைத்திருந்த ஒரே மனிசன் சிமியோன் அண்ணை. அவர் அந்த வருடமும் வழக்கம்போலச் சிலுவையையும் போத்தலையும் ஒன்றாகப் பிடித்துத் தடியை அடித்தார். கூட்டத்தில் லியோன் "எண்பத்தஞ்சு" என்று சொன்னபோதுதான் நாங்கள் அறுத்த நாலு ஆணியும் எனக்கு நினைவுக்கு வந்தன.

வாயை மூடிக்கொண்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமை ஊர் முழுக்க மேற்குப் பக்கத்தைக் காட்டும். சிசிலியா சேற்றுக்குப் போவாள். அதோடு கதை முடிந்துவிடும்.

கூட்டம் கலைந்த பிறகு அவள் என்னோடு வாசல்வரை நடந்து வந்தாள்.

"அண்ணை, நீங்கள் கூல்பாரிலையே குடியிருந்த ஆள். போத்தல் நிண்ட இடத்தை வடிவாக் காட்டுவியள்தானே?"

"ஓம்" என்றேன். அருட்பிரகாசத்தின் வசனம் எனக்கு அப்போது உதவியது.

"ஐயா சாகும்வரைக்கும் கடல் நகர்ந்திட்டுது எண்டுதான் சொன்னவர். தன்ரை பாவத்தாலையாம்."

"சிமியோன் அண்ணை என்ன பாவம் செய்தவர்?"

"எண்பத்துநாலிலை அந்தோனியார் திருநாளுக்கு வாறன் எண்டு நேர்ந்துபோட்டுக் குடிச்சிட்டுப் படுத்திட்டார். அடுத்த வருசம் தடி அடிச்சால் காலுக்குக் கீழை சேறு. குறி சரியா இருக்கு, இடம் பிழை. கட்டடம் நகராது, அப்ப கடல்தான் நகர்ந்திருக்கு, அந்தோனியார்தான் நகர்த்தினவர் எண்டார். அதுக்குப் பிறகு செவ்வாய்க்கிழமை தவறாமல் வெறுங்காலோடை பாசையூர் அந்தோனியார் கோயிலுக்கு நடந்தார். ஒரு சொட்டுக் குடிக்கேல்லை."

"அது நல்லதுதானே" என்றேன். என் வாய் எப்போதும் என்னைவிட முன்னால் போய்விடும்.

அவள் கோபிக்கவில்லை. "நல்லதுதான். அம்மா அந்த அஞ்சு வருசம்தான் சந்தோசமா இருந்தவ. ஆனா கடைசி நாள் என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு, 'பிள்ளை, இன்னும் மன்னிக்கேல்லைப் போலை' எண்டு சொல்லிப்போட்டுத்தான் செத்தவர்."

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்த சனம் முழுக்கக் கல்மேட்டுக்கு வந்துவிட்டது. தடி நடுவதைப் பார்க்க வந்தவர்கள் அல்ல. இது றேடியோ இருந்த இடம், இது ஐஸ்பெட்டி, இஞ்சைதான் பரமலிங்கம் எனக்கு மிச்சக் காசுக்குப் பதிலா ரொபி தாறவர் என்று கற்களைத் தடவிக்கொண்டு திரிந்தார்கள். வயதுபோன ஒருத்தர் ஒரு மூலையில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்து, அதுதான் தன்னுடைய மேசை என்று எழும்ப மறுத்தார். சுவாமிக்கு இந்த ஊர் அன்றைக்குத்தான் கொஞ்சம் விளங்கியிருக்கும்.

"போத்தல் இஞ்சை" என்று லியோன் மேற்குப் பக்கத்தைக் காட்டினான். இருபது கைகள் அதே இடத்தைக் காட்டின. சிசிலியாவின் புருசன் அருட்பிரகாசமும் அந்த இடத்தைத்தான் காட்டினான். அவன் கடைசியாகக் கண்ணால் கண்டது அதுதான். சிசிலியா என்னைப் பார்த்தாள். தடி என் கையில் இருந்தது.

"அது பிறகு நிண்ட இடம்" என்றேன். "எழுபத்தொன்பதிலை, கடதாசி எழுதேக்கை, கிழக்குப் பக்கம் நிண்டது. படியடியிலை. எண்பத்தஞ்சிலை நாங்கள் மூண்டு பேர் அறுத்து இஞ்சாலை இழுத்தனாங்கள்."

சனம் சிரித்தது. நான் குற்றம் சொல்லமாட்டேன். சங்கத்துக்குச் சவூதியில் இருந்து ரெண்டு ஒட்டகம் வருகிறது என்று அறிவித்து, அதற்குக் கொட்டில் கட்ட நாலு பேரைக் கிடுகோடு வரவைத்தவன் நான். என் முகத்தில் உண்மை ஒட்டாது.

"உவன் வாயைத் திறந்தால் பகிடிதான்" என்றார் கைக்குட்டைக்காரர்.

லியோன் சிரிக்கவில்லை. "சவிரி, இது அந்தப் பிள்ளையின்ரை சீவியம். எனக்கும் அதுதான் சீவியம். இதிலை பகிடி விடாதை. இல்லை, அந்தப் பக்கம் சாயச் சொல்லி உனக்கு அவையின்ரை குசினியிலை கணவாய்க்கறி கிடைச்சதோ?"

"வா, காட்டிறன்."

படிக்கட்டு மட்டும் விழாமல் நின்றது. பதினாறு படி ஏறினால் வானம். மேல் படியோடு ஒட்டிக்கொண்டு ஒரு பாய் அகலத்துக்குக் கொங்கிறீட் துண்டு மிஞ்சியிருந்தது. நான் ஏறினேன், பின்னால் லியோன் ஏறினான். அங்கே உடைந்த சட்டியின் அடிப்பாகமும் இறுகிப்போன மண்ணும் கிடந்தன. காலால் தள்ளினேன். கீழே நாலு ஆணி, சதுரமாக, துருப்பிடித்து, நிலத்தோடு நிலமாக வெட்டுப்பட்டு.

லியோன் குந்தியிருந்து ஒவ்வொன்றையும் பெருவிரலால் தடவினான். இரும்பைத் தெரிந்தவன் அவன். முறிந்த இரும்புக்கும் அறுத்த இரும்புக்கும் வித்தியாசம் சொல்ல அவனுக்கு ஆள் தேவையில்லை.

"எத்தினை அடி இழுத்தனியள்?"

"பதினொண்டு."

அவன் திரும்பிச் சிலுவையைப் பார்த்தான், பிறகு கடலைப் பார்த்தான். "இஞ்சை பதினொண்டு எண்டால், அங்கை கடலிலை போய் நாப்பத்தஞ்சு அடிக்குக் குறையாது" என்றான். பெருவிரலில் ஒட்டிய துருவைச் சாரத்தில் துடைத்தான். "அந்தாள் ஒருநாள் சேத்துக்குள்ளை நிண்டுகொண்டு என்னைப் பார்த்தவர். நான் சொன்னனான், 'அண்ணை, கடல் எனக்குத் தந்ததை நான் எடுக்கிறன்' எண்டு. 'ஓமடா தம்பி, எடு' எண்டவர்."

கீழே இறங்கி வந்து, "உவன் சொன்னது உண்மை" என்று மட்டும் சொன்னான். அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. சுவாமி என் கையில் இருந்த தடியை வாங்கி, தானே படியேறி, நாலு ஆணிக்கு நடுவில் நிறுத்திக் கல் அடுக்கினார்.

சிசிலியா எனக்கு முன்னால் வந்து நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

"ஏன் இழுத்தனியள்?"

"படம் பார்க்க."

"என்ன படம்?"

"ஒண்டும் முழுசாப் பார்க்கேல்லை. இடப்பக்கம் மட்டும்தான் தெரிஞ்சது."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பகிடி எங்கே இருக்கிறது என்று தேடினாளோ தெரியாது. "நாளைக்குத் தடி அடிக்கேக்கை நீங்களும் கடலுக்கு வாங்கோ" என்றாள்.

"எனக்குக் கடல்..."

"தெரியும்."

திங்கட்கிழமை விடிய என்னை வள்ளத்தில் ஏற்றினார்கள். பத்து நிமிடம் என்று முன்னர் சொன்னேன். வயது போனதால் ஏழாகக் குறைந்திருந்தது. அருட்பிரகாசம் கோல் ஊன்றிக்கொண்டே என் முதுகைத் தடவிவிட்டான். எல்லாம் வெளியே வந்த பிறகு, அன்றைக்குத்தான் முதல் தடவையாக, நான் தலையை நிமிர்த்திக் கரையைப் பார்த்தேன். லியோன் சொன்னது சரி. கரையைக் காணவில்லை. சிலுவைக்குக் கீழே ஊர் கிடந்தது, யாரோ கையால் தடவி மட்டமாக்கிவிட்டதுபோல. அங்கங்கே நாங்கள் நட்ட தடிகள் நின்றன. முப்பத்தொரு வெள்ளைத் துணி. துவைத்துக் காயப்போட்ட மாதிரி இருந்தது.

தடியும் சிலுவையும் ஒன்றாகும் இடத்தில் அருட்பிரகாசம் தண்ணீருக்குள் இறங்கினான். காலால் நிலத்தைத் தடவிக் கொஞ்சம் நடந்தான். ஒரு அடி கிழக்கே வைத்தபோது அவன் மார்புவரை இறங்கி, திரும்பி ஏறினான். ஓடை விளிம்பு.

"இதுதான்" என்றான். அன்றைய வசனம்.

பக்கத்தில் லியோன், கூட்டத்துக்கு முதலே அவசரப்பட்டு அங்கே நட்டிருந்த தன் தடிகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பிடுங்கிக்கொண்டிருந்தான். ஒன்று வரமாட்டேன் என்றது. அருட்பிரகாசம் போய் ஒரு கை கொடுத்தான். பிறகு லியோன், பிடுங்கிய தடியில் நேராக இருந்த இரண்டைத் தெரிந்தெடுத்து அருட்பிரகாசத்தின் வள்ளத்தில் போட்டுவிட்டுப் போனான்.

சித்திரையில் திரும்பவும் சண்டை தொடங்கியது. அதுவரைக்கும் இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் கூட, அந்தப் பாட்டில் இறால் பட்டது. அதை நான் பெருமையாகச் சொல்ல முடியாது. பதினொரு அடி இழுத்து அவர்களுடைய ஐந்து வருடத்தை எடுத்தவன் இரண்டு மாதத்தைத் திருப்பிக் கொடுத்தான், அவ்வளவுதான்.

ஆனால் சிசிலியா என்னை விட்டபாடில்லை. தடி அடித்த மறுநாள், செவ்வாய்க்கிழமை காலையில், சங்கக் கொட்டில் வாசலில் வந்து நின்றாள்.

"வாங்கோ அண்ணை, ஒரு இடத்துக்குப் போகவேணும்."

"எங்கை?"

"சேமக்காலைக்கு. எனக்குச் சொன்னது போதாது. கடல் நகரேல்லை எண்டு அவருக்குச் சொல்லவேணும்."

கொய்யாத்தோட்டச் சேமக்காலைக்கு அவள் முன்னால் நடக்க நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் போனேன். வழியில் ஒரு பகிடியாவது வரும் என்று பார்த்தேன், வரவில்லை. சிமியோன் அண்ணைக்குக் கல்லறை கட்ட அந்த நேரம் சீமெந்து கிடைக்கவில்லை. மண் மேடும் மரக் குருசும்தான். அவள் புல்லைப் பிடுங்கி, மெழுகுதிரியைக் கொளுத்தி, காற்றுக்கு அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

நான் குருசுக்கு வலப்பக்கமாக நின்று தொண்டையைச் செருமினேன். கூட்ட அறிக்கை வாசிக்கிற குரல்தான் வந்தது.

"சிமியோன் அண்ணை, கடல் நகரேல்லை. நாங்கள்தான் போத்தலை நகர்த்தினனாங்கள். அந்தோனியார் உங்களோடை கோவிக்கேல்லை. அவருக்கு இதிலை ஒரு சம்பந்தமும் இல்லை."

சிசிலியா தலையை அசைத்தாள்.

"அந்தப் பக்கம் நிண்டு சொல்லி வேலையில்லை, அண்ணை. ஐயாவுக்கு வலக்காது கேக்காது."

நான் சுற்றி வந்து மற்றப் பக்கம் நின்று, முதலில் இருந்து சொன்னேன்.